கப்பல் துறைமுகத்தில் நிற்கும் நேரம்: கரைச் சுற்றுலாவுக்கு எந்த ஏற்பாடு?

மத்தியதரைக் கடலில் ஒரு வாரமோ பத்து நாளோ கப்பல் பயணம் போக முன்பதிவு செய்தவர்களுக்கு, எந்தத் தளத்தில் அறை எடுப்பது, எந்த நேரச் சாப்பாட்டைக் கேட்பது என்பவற்றைக் காட்டிலும் அதிகமாக யோசிக்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. கப்பல் ஒவ்வொரு துறைமுகத்திலும் நிற்கும் எட்டு, பத்து மணி நேரத்துக்குள் ஊரை எப்படிப் பார்த்துவிட்டுத் திரும்புவது என்பதே அது. கப்பல் நிறுவனம் விற்கும் சுற்றுலாவில் சேரலாம்; அதே கப்பலில் வரும் வேறு பயணிகளோடு கூட்டுச் சேர்ந்து ஒரு வேனை அமர்த்திக்கொள்ளலாம்; ரயிலிலும் பேருந்திலும் நாமாகவே போய் வரலாம். பெரும்பாலோர் இந்த மூன்றில் ஒன்றைத் தேர்ந்து, பயணம் முழுவதற்கும் அதையே பின்பற்றுகிறார்கள். பணத்தைப் பற்றிக் கவலை இல்லாதவர்கள் எல்லா ஊருக்கும் கப்பல் சுற்றுலாவை வாங்கிவிடுகிறார்கள். சிக்கனக்காரர்கள் எல்லா ஊரிலும் ரயில் நிலையத்தைத் தேடி நடக்கிறார்கள். துறைமுகத்துக்குத் துறைமுகம் தனித்தனியாக முடிவெடுப்பதே சரி என்பது என் கருத்து. அந்த முடிவையும் போகும் வழியை வைத்து அல்ல, திரும்பும் வழியை வைத்தே எடுக்க வேண்டும்.

கரையில் செய்வதெல்லாம் கப்பலின் அன்றாட ஒழுங்குக்குள் அடங்க வேண்டும் என்பதால், அதை முதலில் சொல்லிவிடுகிறேன். மூவாயிரம், நாலாயிரம் பேரைச் சுமக்கும் கப்பல் காலை 7 மணிக்குத் துறைமுகம் சேரும் என்று பயண நிரலில் இருந்தால், 7 மணிக்கு நாம் கரையில் இருப்போம் என்று பொருள் அல்ல. கயிறு கட்டி, துறைமுக அதிகாரிகள் அனுமதி தந்து, இறங்குபாலம் பொருத்தியான பிறகுதான் ஒவ்வொருவராக அட்டையை இயந்திரத்தில் காட்டி வெளியேற முடியும். அந்த நேரத்தில் லிஃப்ட் ஒவ்வொன்றும் நிரம்பியே வரும். பஃபேயில் தோசைக்கல் அளவுத் தட்டோடு ஆம்லெட் வரிசையில் ஒரு கூட்டம் நிற்கும். மாலை 6 மணிக்குப் புறப்பாடு என்றால், எல்லோரும் கப்பலில் இருக்க வேண்டிய கடைசி நேரம் பெரும்பாலும் 5.30, சில இடங்களில் 5 மணி. ஆக, நிரலில் பதினொரு மணி நேரம் என்று இருப்பது நம் கைக்கு வரும்போது ஒன்பதரை மணி நேரம்தான். அதிலும் திரும்பும் பயணத்துக்கு ஒரு மணி நேரம் கூடுதலாக ஒதுக்கிவைப்பவர்களே நிம்மதியாக இருப்பார்கள்.

கடிகாரத்திலும் ஒரு சிக்கல் உண்டு. இத்தாலிக்கும் கிரேக்கத்துக்கும் ஒரு மணி நேர வித்தியாசம். துருக்கி 2016 முதல் ஆண்டு முழுவதும் ஒரே நேரத்தை வைத்திருப்பதால், கோடையில் கிரேக்கமும் துருக்கியும் ஒரே நேரத்தில் இருக்கும். குளிர்காலத்தில் துருக்கி ஒரு மணி நேரம் முன்னால் போய்விடும். கைப்பேசி கரையின் நேரத்தைத் தானாகவே எடுத்துக்கொள்ளும். கப்பல் தன் நேரத்தை மாற்றாமலும் இருக்கலாம். முந்தைய இரவு அறைக்கு வரும் நிகழ்ச்சித் தாளிலோ கப்பலின் செயலியிலோ உள்ள நேரமே செல்லும். கையில் ஒரு சாதாரணக் கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு அதைக் கப்பல் நேரத்திலேயே வைத்திருப்பது பழைய பழக்கம்தான் என்றாலும் நல்ல பழக்கம்.

கப்பல் நிறுவனத்தின் சுற்றுலாவில் காலையில் முதலில் போய்ச் சேருவது கப்பலின் நாடக அரங்குக்குத்தான். வாசலில் நிற்கும் ஊழியர் சட்டையில் ஒட்ட ஓர் எண் வில்லையைத் தருவார். நம் எண்ணைக் கூப்பிடும்வரை மேடைக்கு எதிரே உட்கார்ந்திருக்க வேண்டும். பிறகு ஒரு பலகையைத் தூக்கிப் பிடித்த ஒருவர் பின்னால் நாற்பது பேர் வரிசையாக இறங்கிப் பேருந்தில் ஏறுவார்கள். வழிகாட்டியின் குரல் காதில் மாட்டும் கருவி வழியாக வரும். அவர் முகத்தைப் பார்ப்பது அரிது. நாற்பது பேர் கழிப்பறைக்குப் போய் வர ஆகும் நேரத்தையும் சுற்றுலாவின் நேரமாகவே கணக்கில் கொள்ள வேண்டும். இடையில் ஒரு கம்பளக் கடையிலோ தோல் பொருள் கடையிலோ நிறுத்துவது பல ஊர்களில் வழக்கம்.

இவ்வளவு குறைகள் இருந்தும் மக்கள் அதை வாங்குவதற்குக் காரணம் ஓர் உறுதிமொழி. கப்பலின் பேருந்து நெரிசலில் மாட்டிக்கொண்டால் கப்பல் காத்திருக்கும். காத்திருக்க முடியாமல் போனால் அடுத்த துறைமுகத்தில் கொண்டுவந்து சேர்ப்பது நிறுவனத்தின் பொறுப்பு. காற்று பலமாக அடித்துக் கப்பல் ஒரு துறைமுகத்தைத் தவிர்த்துவிட்டாலும், அந்தச் சுற்றுலாவுக்குக் கட்டிய பணம் நம் கணக்குக்குத் திரும்பிவிடும். இது ஒரு காப்பீடுதான். காப்பீட்டுக்குத் தரும் கட்டணம் ஒவ்வோர் ஊரிலும் நியாயமானதா என்பதுதான் கேள்வி. கடலோரத்திலேயே ஊர் இருக்கும் இடத்தில் அந்தக் காப்பீட்டால் ஒரு பயனும் இல்லை. நூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் இடத்தில் அது தேவைப்படலாம்.

கப்பல் நிறுவனங்கள் விற்கும் இன்னொரு பொருளைப் பலர் கவனிப்பதில்லை. வழிகாட்டி, நுழைவுச்சீட்டு, மதிய உணவு எதுவும் இல்லாமல், ஊருக்குக் கொண்டுபோய் விட்டு, குறித்த நேரத்தில் திரும்பக் கூட்டிவரும் பேருந்து மட்டும் அது. ரோமுக்கும் ஃப்ளாரன்ஸுக்கும் பெரும்பாலும் இது உண்டு. முழுச் சுற்றுலாவை விட விலை குறைவு. திரும்பும் பயணத்துக்கான உறுதி மட்டும் அப்படியே கிடைக்கும். நகரத்துக்குள் தாமாகச் சுற்றத் தெரிந்தவர்களுக்கு இது மிகப் பொருத்தமான நடுவழி.

இனி, பயணிகள் தமக்குள் சேர்ந்து ஏற்பாடு செய்யும் கூட்டு வேன். இதில்தான் அதிக லாபமும் அதிகத் தொல்லையும் இருக்கின்றன. கப்பல் சுற்றுலாவின் விலை தலைக்கு இவ்வளவு என்று இருக்கும். வேனின் விலை வண்டிக்கு இவ்வளவு என்று இருக்கும். எடுத்துக்காட்டுக்கு, எட்டு இருக்கை வேன் ஒரு நாளுக்கு 800 யூரோ என்று வைத்துக்கொண்டால், எட்டுப் பேர் சேர்ந்தால் தலைக்கு 100 யூரோ. ஆறு பேர் என்றால் 133 யூரோ. நான்கு பேர் என்றால் 200 யூரோ. ஆள் கூடக்கூட விலை குறையும். ஆனால், ஏழாவது, எட்டாவது ஆளைச் சேர்க்க வேண்டாம் என்றே நான் சொல்வேன். பின்வரிசையில் மூன்று பேர் தோளோடு தோள் இடித்துக்கொண்டு ஒன்றரை மணி நேரம் நெடுஞ்சாலையில் போவது, அதுவும் ஜூலை வெயிலில், 33 யூரோ மிச்சத்துக்கு ஈடாகாது. எட்டு இருக்கை வண்டிக்கு ஆறு பேரே சரியான கணக்கு.

குடும்பமாகப் போகும் நம்மவர்களுக்கு இதில் ஓர் அனுகூலம் உண்டு. தாத்தா பாட்டி, அண்ணன் தம்பி குடும்பம் என்று ஆறு பேரோ எட்டுப் பேரோ சேர்ந்து போகிறவர்களுக்கு வெளியாரைச் சேர்க்கவே தேவையில்லை; வேன் அவர்களாலேயே நிறைந்துவிடும். சைவ உணவுக்காக ஒரு குறிப்பிட்ட கடையில் நிறுத்தச் சொல்லலாம். முட்டி வலிக்காரருக்காக ஒரு படிக்கட்டைத் தவிர்க்கலாம். குழந்தை தூங்கினால் வண்டியிலேயே விட்டு ஒருவர் காவல் இருக்கலாம். நாற்பது பேர் கொண்ட பேருந்தில் இவற்றில் ஒன்றும் நடக்காது. கணவனும் மனைவியும் மட்டும் போகும்போதுதான் கப்பலில் வரும் வேறு இரண்டு இணைகளைத் தேட வேண்டிவரும்.

அப்படித் தேடிச் சேர்ப்பவர் ஒரு சிறு நிர்வாகப் பொறுப்பை ஏற்றுக்கொள்கிறார் என்பதை முதலிலேயே உணர வேண்டும். வேன் நிறுவனத்துக்கு எழுதும் முதல் மின்னஞ்சலிலேயே கப்பலின் பெயர், தேதி, வந்துசேரும் நேரம், புறப்படும் நேரம் ஆகியவற்றைக் குறிப்பிட்டு, சில கேள்விகளுக்கு எழுத்தில் பதில் வாங்க வேண்டும். விலை வண்டிக்கா, தலைக்கா? சுங்கமும் வண்டி நிறுத்தக் கட்டணமும் அதில் அடக்கமா? நுழைவுச்சீட்டு யார் பொறுப்பு? கப்பல் அந்தத் துறைமுகத்துக்கு வராமல் போனால் முன்பணம் திரும்புமா? கடைசிக் கேள்விக்குத் தெளிவான பதில் தராத நிறுவனத்தை விட்டுவிடுவதே நல்லது. கப்பல் பயணிகளையே நம்பித் தொழில் நடத்தும் நிறுவனங்கள் பல, கப்பல் வராவிட்டால் பணம் வேண்டாம் என்று தாங்களாகவே சொல்லிவிடுகின்றன.

இத்தாலியில் ஓட்டுநர் வேறு, வழிகாட்டி வேறு என்பதைப் பலர் தெரிந்துகொள்ளாமல் ஏமாற்றம் அடைகிறார்கள். நினைவுச்சின்னங்களுக்குள் விளக்கம் சொல்ல அங்கே உரிமம் வேண்டும். ஓட்டுநர் வண்டிக்குள் பேசுவார், வாசலில் இறக்கிவிடுவார், கொலோசியத்துக்குள்ளோ பொம்பேயிக்குள்ளோ கூட வர மாட்டார். வழிகாட்டி வேண்டுமென்றால் தனிக் கட்டணம் கொடுத்து அமர்த்த வேண்டும். அதையும் ஆறு பேருக்கு வகுத்துத்தான் விலையை ஒப்பிட வேண்டும். துருக்கியிலோ பெரும்பாலும் வழிகாட்டியும் ஓட்டுநரும் சேர்ந்தே வருவார்கள். ஒரே விலையில் இருவரும் அடங்கிவிடுவார்கள்.

உடன் வருபவர்களோடு பேசி முடிக்க வேண்டியவை இவற்றைவிட நுட்பமானவை. யாராவது கடைசி நேரத்தில் விலகினால் அவர் பங்கை யார் கட்டுவது? காத்திருப்போர் பட்டியலில் ஒருவரை வைத்திருந்து, அவர் வந்தால் விலகியவருக்கு விடுதலை, வராவிட்டால் விலகியவரே கட்ட வேண்டும் என்று ஆரம்பத்திலேயே எழுதிவிடுவது சரி. காலையில் எவ்வளவு நேரம் காத்திருப்பது? பத்து நிமிடம் போதும். அதையும் எழுதிவிட வேண்டும். கடை வீதி வேண்டுமா, வேண்டாமா? இதில் கருத்து வேறுபட்டுக் கெட்டுப்போன பயணங்கள் ஏராளம். ஒருவர் தோல் பை பார்க்க முக்கால் மணி நேரம் எடுத்துக்கொள்ள, மற்ற ஐவர் வேனுக்குள் வாய் பேசாமல் உட்கார்ந்திருப்பார்கள். பணத்தை ஒவ்வொரு குடும்பமும் சரியான சில்லறையாக உறையில் போட்டு அன்று காலையில் தந்துவிடச் சொல்வது, மாலையில் சோர்ந்துபோய்க் கணக்குப் பார்ப்பதைத் தவிர்க்கும். ஏற்பாடு செய்பவருக்கு ஓர் இருக்கை இலவசம் என்று சில நிறுவனங்கள் சொல்வதுண்டு. அந்தச் சலுகையை எல்லோருக்குமாகப் பகிர்ந்துவிடுவது மரியாதை. பிறகு தெரியவந்தால் மிச்ச நாள்களில் சாப்பாட்டு மேசையில் முகம் பார்க்க முடியாது.

கப்பல் ஏறிய பிறகு இந்த ஏற்பாட்டை நடத்துவது கடினம் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். ஊரில் இருக்கும்போது வாட்ஸ்அப் குழுவில் எல்லாம் பேசி முடிப்போம். கப்பலில் இணையம் தனிக் கட்டணம். ஆறு பேரில் மூவர் அதை வாங்கியிருக்க மாட்டார்கள். நடுக்கடலில் கைப்பேசி கப்பலின் சொந்தக் கோபுரத்தைப் பிடித்துக்கொண்டால், வழக்கமான ரோமிங் திட்டம் அதற்குப் பொருந்தாமல் பெரிய தொகை ஏறிவிடும் என்பதால் எல்லோரும் கைப்பேசியை விமானப் பயண முறையிலேயே (airplane mode) வைத்திருப்பார்கள். எனவே எல்லோருடைய அறை எண்களும் ஒரு தாளில் இருக்க வேண்டும். அறைக்கு அறை உள்தொலைபேசியில் பேசக் கட்டணம் இல்லை. ஏறிய அன்றே எல்லோரும் ஒருமுறை நேரில் சந்தித்துவிடுவது நல்லது. ஆனால் அந்தச் சந்திப்பை அவசரகாலப் பயிற்சி முடிந்த பிறகு வைத்துக்கொள்ள வேண்டும். 2012 ஜனவரியில் கோஸ்டா கான்கார்டியா கப்பல் இத்தாலியின் ஜிலியோ தீவருகே பாறையில் மோதியபோது, சில மணி நேரத்துக்கு முன் சிவிதாவெக்கியா துறைமுகத்தில் ஏறிய பயணிகளுக்கு அந்தப் பயிற்சி இன்னும் நடந்திருக்கவில்லை. அதன்பின் விதி மாறியது. இப்போது புறப்படும் முன்போ புறப்பட்ட உடனேயோ எல்லோரும் அதை முடித்தாக வேண்டும்.

கரையில் எங்கே கூடுவது என்பது துறைமுகத்தைப் பொறுத்தது. கப்பல் துறைமேடையை ஒட்டி நிற்கும் ஊரில், இறங்குபாலத்துக்கு வெளியே மேடையில் கூடுவதே நல்லது. லிஃப்ட் நெரிசலில் யார் எந்தத் தளத்தில் மாட்டினார்கள் என்று தேட வேண்டியதில்லை. கப்பல் கடலிலேயே நங்கூரம் இட்டு, சிறு படகில் கரைக்கு அனுப்பும் ஊரிலோ முதலிலேயே கப்பலுக்குள் கூடி, படகுக்கான எண் சீட்டை ஒன்றாக வாங்கிக்கொள்ள வேண்டும். அங்கே கப்பல் சுற்றுலா வாங்கியவர்களுக்கே முதல் படகுகள் போகும். கூட்டு வேன்காரர்கள் பின்னால்தான் இறங்க முடியும். வேன் நிறுவனத்துக்குச் சொல்லும் நேரத்தை அதற்கேற்பத் தள்ளிவைக்க வேண்டும்.

இனி ஊர்களுக்கு வருவோம்.

ரோமுக்கான துறைமுகம் சிவிதாவெக்கியா. அங்கிருந்து ரோம் ஏறத்தாழ 80 கிலோமீட்டர். துறைமுகத்தின் இலவசப் பேருந்து லார்கோ தெல்லா பாசே என்ற இடத்தில் இறக்கிவிடும். அங்கிருந்து நிலையத்துக்குப் போய் வட்டார ரயிலைப் பிடித்தால் ஒரு மணி நேரத்துக்குள் சான் பியெத்ரோ நிலையம், அங்கிருந்து நடந்தே வாத்திகன். தாள் சீட்டு வாங்கியவர்கள் ஏறும் முன் நிலையத்திலுள்ள சிறு இயந்திரத்தில் முத்திரை குத்திக்கொள்ள வேண்டும், மறந்தால் அபராதம். ரயில்கள் அடிக்கடி இருப்பதால் திரும்பும் வழியில் ஒன்றைத் தவறவிட்டாலும் அடுத்தது உண்டு. ஒரே அச்சம் வேலைநிறுத்தம். இத்தாலியில் அது முன்கூட்டியே அறிவிக்கப்படும். வட்டார ரயில்களுக்கு வேலை நாள்களில் காலை 6 முதல் 9 வரையும் மாலை 6 முதல் 9 வரையும் குறைந்தபட்ச சேவை உறுதி. கப்பல் பயணிக்கு இந்த விதியில் ஒரு வேதனை இருக்கிறது: போவதற்கு ரயில் கிடைக்கும், பிற்பகல் 3 மணிக்குத் திரும்புவதற்கு உறுதி இல்லை. அன்று வேலைநிறுத்தம் என்று தெரிந்தால் கப்பலின் வெறும் பேருந்தை வாங்கிவிட வேண்டும்.

வாத்திகனோ கொலோசியமோ ஒன்று மட்டும் போதும் என்பவர்களுக்கு ரயிலே சிறந்தது. ஒரே நாளில் இரண்டையும் பார்த்து, திரேவி நீரூற்றிலும் காசு போட வேண்டும் என்பவர்களுக்கு வேன் வேண்டும். அப்படியும் அந்த நாள் ஓட்டமாகவே கழியும். எந்த வழியில் போனாலும் நாள்களைப் பார்த்துக்கொள்ள வேண்டும். மாதத்தின் கடைசி ஞாயிறு தவிர மற்ற ஞாயிறுகளில் வாத்திகன் அருங்காட்சியகங்கள் மூடியிருக்கும். கொலோசியத்தின் நுழைவுச்சீட்டில் 2023 முதல் பார்வையாளர் பெயர் அச்சிடப்படுகிறது. கூட்டு வேனில் கடைசி நேரத்தில் ஆள் மாறினால் வேனில் இடம் மாறலாம், சீட்டில் பெயர் எளிதில் மாறாது. இதனால்தான் ரோமுக்கு அறிமுகமற்றவர்களோடு கூட்டுச் சேர்வதை நான் பரிந்துரைக்கத் தயங்குகிறேன்.

ஃப்ளாரன்ஸுக்கும் பீசாவுக்கும் துறைமுகமான லிவோர்னோவில் நிலைமை வேறு. அது முதன்மையாகச் சரக்குத் துறைமுகம். கன்டெய்னர்களுக்கு நடுவே நடந்து வெளியேற விட மாட்டார்கள். பேருந்தில் நகர மையத்துக்கு வந்து, அங்கிருந்து இன்னொரு பேருந்தில் ரயில் நிலையம் சேர்ந்து, பிறகு ஃப்ளாரன்ஸுக்கு ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம். இந்த மூன்று மாற்றங்களில் ஒன்று பிசகினாலும் திரும்பும் நேரம் பிசகிவிடும். பீசா மட்டும் போதும் என்றால் நிலையத்திலிருந்து ரயிலில் கால் மணி, இருபது நிமிடம்தான். அதற்கு வேன் வேண்டாம். ஃப்ளாரன்ஸும் பீசாவும் ஒரே நாளில் வேண்டும் என்றால் கூட்டு வேனைப் போல் வசதியானது எதுவும் இல்லை. காலையில் 90 கிலோமீட்டர் போய் ஃப்ளாரன்ஸ், பிற்பகலில் திரும்பும் வழியில் பீசா என்று வைத்துக்கொண்டால், கடைசி நிறுத்தம் கப்பலுக்கு அருகிலேயே அமைந்துவிடும். நேரம் குறைந்தால் பீசாவை வெட்டிவிடலாம். அந்த நெகிழ்ச்சி கப்பல் பேருந்தில் கிடைக்காது. திங்கட்கிழமை மட்டும் கவனம்: ஃப்ளாரன்ஸின் உஃபீசி ஓவியக்கூடமும் டேவிட் சிலை இருக்கும் அகாதெமியா அருங்காட்சியகமும் அன்று விடுமுறை. இந்தச் சுற்றுலாவில் திரும்பும்போது மாலை 6 மணி ஆகிவிடும் என்பதால், முதல் பந்தி இரவு உணவு கேட்டிருப்பவர்கள் அன்று பஃபேயில்தான் சாப்பிட வேண்டியிருக்கும்.

நேப்பிள்ஸுக்கு வேன் தேவையே இல்லை. கப்பல் நகரத்தின் மடியிலேயே, காஸ்தெல் நுவோவோ கோட்டைக்கு எதிரில் நிற்கிறது. வெளியே வந்து சாலையைக் கடந்தால் முனிச்சிப்பியோ மெட்ரோ நிலையம். அதில் கரிபால்டி போய், அங்கே சிர்க்கும்வெசுவியானா ரயிலுக்கு மாறினால் முக்கால் மணி நேரத்துக்குள் பொம்பேயி. நிலையத்துக்கு எதிரிலேயே இடிபாடுகளின் போர்த்தா மரீனா வாசல். ரயில் பழையது, கூட்டம் அதிகம், பணப்பையை முன்பக்கம் வைத்துக்கொள்ள வேண்டும்; மற்றபடி குறை சொல்ல ஒன்றும் இல்லை. 2024 நவம்பர் முதல் பொம்பேயியில் நாளுக்கு 20,000 பேர் என்ற வரம்பும் பெயரிட்ட சீட்டும் வந்துவிட்டதால், முன்கூட்டியே வாங்கிவிட வேண்டும். வழிகாட்டியை மட்டும் ஆறு பேர் சேர்ந்து அமர்த்தினால், வேனுக்கான செலவு இல்லாமலே கூட்டுச் சுற்றுலாவின் நன்மை கிடைத்துவிடும். அமால்ஃபி கடற்கரைச் சாலைக்குப் போகிறவர்கள் விஷயம் வேறு. மலையைக் குடைந்த அந்த ஒற்றைச் சாலை கோடையில் அடைத்துக்கொண்டால் எந்த ஓட்டுநராலும் ஒன்றும் செய்ய முடியாது. இந்தப் பயணத்தில் கப்பலின் உறுதிமொழிக்கு முழு விலை கொடுக்கத் தகுந்த இடம் அதுதான்.

ஏதென்ஸுக்கான பிரேயஸும் நாமாகப் போகத்தக்க ஊர். மெட்ரோவின் பச்சைத் தடத்தில் அரை மணி நேரத்துக்குள் அக்ரோபோலிஸ் அடிவாரத்திலுள்ள மொனாஸ்திராகி. கப்பல் முனையத்திலிருந்து மெட்ரோ நிலையம் வரை உள்ள தூரம்தான் சற்று அலுப்பு. அதற்கு ஒரு டாக்சி போதும். அக்ரோபோலிஸில் நேரம் குறித்த சீட்டு முறை இருப்பதால் காலை முதல் வேளையை எடுத்துக்கொள்ள வேண்டும். 2023 ஜூலை வெப்ப அலையின்போது நண்பகலுக்குப் பின் சில மணி நேரம் மூடியே வைத்தார்கள். நடுப்பகலில் அங்கே போய்ச் சேரும் கப்பல் பேருந்தில் இருந்தவர்கள் நிலையை நினைத்துப் பார்க்கலாம்.

கிரேக்கத் தீவான சான்டோரினியில் எந்த ஏற்பாடும் முழு நிறைவைத் தராது. கப்பல் கடல் புகுந்த எரிமலைக் குழிவின் நடுவே நிற்கும். படகில் பழைய துறைக்கு வந்தால் மேலே ஃபிரா நகரத்துக்குப் போக மூன்று வழிகள்: கம்பிவடப் பெட்டி (கேபிள் கார்), 580-க்கும் மேற்பட்ட படிகளில் நடை, அல்லது அதே படிகளில் கழுதை. கம்பிவடத்தில் ஒரு பெட்டிக்கு ஆறு பேராக ஆறு பெட்டிகள், ஒரு தடவைக்கு 36 பேர். ஒரே நாளில் மூன்று கப்பல்கள் நின்றால் வரிசை எவ்வளவு நீளும் என்று சொல்லத் தேவையில்லை. கப்பல் சுற்றுலாக்காரர்களை அதினியோஸ் என்ற வேறு துறையில் இறக்கிப் பேருந்தில் மேலே கூட்டிப்போவதால், காலை வரிசையிலிருந்து அவர்கள் தப்பிக்கிறார்கள். மாலையில் அவர்களும் பெரும்பாலும் ஃபிராவில் விடப்பட்டு அதே கம்பிவட வரிசையில்தான் நிற்கிறார்கள். கூட்டு வேன் இங்கே வீண்; மேலே போய்ச் சேரும் நேரமே தெரியாதபோது ஓட்டுநரை எத்தனை மணிக்கு வரச் சொல்வது? சீக்கிரம் இறங்கி, மேலே போய், ஊர்ப் பேருந்தில் ஓயா என்ற ஊரைப் பார்த்துவிட்டு, கடைசி நேரத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பே வரிசைக்கு வந்துவிடுவதுதான் வழி. இறங்க முட்டி ஒத்துழைப்பவர்கள் படிகளில் நடந்தே வந்துவிடலாம். கழுதைச் சாணத்தைப் பார்த்துக் கால் வைக்க வேண்டும்.

கூட்டு வேன் முழுமையாகப் பொருந்தும் ஊர் துருக்கியின் குஷாதாசி. பண்டைய நகர இடிபாடான எபேசஸ் அங்கிருந்து இருபது கிலோமீட்டருக்குள். எபேசஸுக்கு மேல் வாசல், கீழ் வாசல் என்று இரண்டு உண்டு. ஊர் சரிவில் இருக்கிறது. மேல் வாசலில் இறங்கிக் கீழ்நோக்கி நடந்து கீழ் வாசலில் வெளியேறுவதே எளிது. சொந்தமாக டாக்சியில் வருபவர் கீழே வந்த பிறகு வண்டியைத் தேட வேண்டும். வேன்காரர் மேலே இறக்கிவிட்டுக் கீழே வந்து நிற்பார். க்யூரேட்டஸ் வீதியில் சலவைக்கல் தேய்ந்து வழுக்கும். வயதானவர்களைக் கைபிடித்து மெதுவாகக் கூட்டிவர ஆறு பேர் குழுவுக்கு நேரம் உண்டு, நாற்பது பேர் குழுவுக்கு இல்லை. சரிவின் ஓரத்தில் கூரை வேய்ந்து பாதுகாத்திருக்கும், படிப்படியாக அமைந்த பழைய வீடுகளுக்கு (Terrace Houses) தனிச் சீட்டு வேண்டும். சுவர் ஓவியங்களும் தரைச் சித்திரங்களும் அங்கேதான் இருக்கின்றன. பெரும்பாலான பேருந்துச் சுற்றுலாக்கள் அதை விட்டுவிடும். வீதியின் முடிவில் செல்சஸ் நூலகம். 1970-களில் ஆஸ்திரியத் தொல்லியலாளர்கள் விழுந்து கிடந்த கற்களை எடுத்து மீண்டும் நிறுத்திய முகப்பு அது. முற்பகல் 10 மணிக்கு மேல் அதன் முன் எல்லாக் கப்பல்களின் பேருந்துக் கூட்டமும் வந்து நிறைந்துவிடும். முதல் ஆளாக இறங்கும் சிறு குழு 9 மணிக்கே அங்கே நிற்கலாம். கம்பளக் கடை வேண்டாம் என்று முன்பதிவிலேயே எழுதி, அதற்கு ஒப்புதலும் வாங்கிவிட வேண்டும். எழுதாவிட்டால் தனி வேனும் அங்கே போய் நிற்கும், ஆப்பிள் தேநீரும் வரும்.

இந்தியக் கடவுச்சீட்டோடு போகிறவர்களுக்குக் குஷாதாசியில் இன்னொரு கணக்கும் உண்டு. கிரேக்கத்திலிருந்து துருக்கிக்குப் போய்த் திரும்பக் கிரேக்கத்துக்கோ இத்தாலிக்கோ வரும் கப்பலுக்குப் பல நுழைவு அனுமதி உள்ள ஷெங்கன் விசா (ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவானது) தேவை. கப்பலைத் தவறவிட்டவர் அடுத்த துறைமுகத்துக்குத் தானாகப் போக வேண்டியிருக்கும்போதும் அதுவே தேவைப்படும். சில கப்பல்களில் ஏறும்போதே கடவுச்சீட்டை வாங்கி வைத்துக்கொள்வார்கள். எனவே அதன் நகலும் விசாவின் நகலும் எப்போதும் பையில் இருக்க வேண்டும். நிகழ்ச்சித் தாளில் அந்தத் துறைமுகத்தின் கப்பல் முகவரது தொலைபேசி எண் இருக்கும். கரைக்கு இறங்கும் முன் அதைப் படம் எடுத்துக்கொள்வது ஒரு நிமிட வேலை.

எந்த ஊருக்கு எதைத் தேர்ந்தாலும், நீண்ட சுற்றுலாக்களை அடுத்தடுத்த நாள்களில் வைக்கக் கூடாது. லிவோர்னோ, சிவிதாவெக்கியா, நேப்பிள்ஸ் மூன்றும் தொடர்ச்சியாக வரும் பயணங்கள் உண்டு. மூன்றிலும் பத்து மணி நேரச் சுற்றுலா வைத்தவர் நான்காம் நாள் கடலில் இருக்கும்போது, மேல் தளத்து நாற்காலியில் படுத்தபடியே மதிய உணவைத் தவறவிடுவார். நடுவில் இருப்பதைப் பாதி நாளாகக் குறைத்து, பிற்பகலில் ஆள் இல்லாத கப்பலின் நீச்சல் குளத்தை அனுபவிப்பதும் கட்டிய பணத்துக்குக் கிடைக்கும் பலன்தான்.

கடைசியாக, பயணம் சிவிதாவெக்கியாவிலேயே முடிகிறது என்றால், இறங்கும் நாளுக்குக் கூட்டு வேன் மிகவும் மலிவான வழி. அன்று கப்பலுக்குத் திரும்பும் கட்டாயம் இல்லை. ஃபியூமிசினோ விமான நிலையத்துக்கோ ரோமிலுள்ள விடுதிக்கோ போகும் வழியில் இரண்டு இடங்களைப் பார்த்துவிடலாம். பெரிய பெட்டிகளை முந்தைய இரவே அறை வாசலில் வைத்துவிட வேண்டும், காலையில் முனையத்தில் அவற்றைத் தேடி எடுக்க அரை மணி நேரம் ஆகும். வேனை அதற்கேற்ப வரச் சொல்ல வேண்டும். எட்டு இருக்கை வேனில் எட்டுப் பேரும் எட்டுப் பெரிய பெட்டிகளும் ஏறாது. ஐந்து பேருக்கு மேல் சேர்ப்பதாக இருந்தால், ஆள்களின் எண்ணிக்கையோடு பெட்டிகளின் எண்ணிக்கையையும் அளவையும் முதல் மின்னஞ்சலிலேயே எழுதிவிட வேண்டும். பெரிய வண்டி அனுப்புவதாக இருந்தால் அதற்கான விலையை அவர்கள் அப்போதே சொல்லிவிடுவார்கள்.